ஆடாத மணி

பேருந்து சடாரென்று நின்றது. அவர் கம்பியைப் பிடிக்கவில்லை, சட்டைப்பையைப் பிடித்தார்.

பையில் ஒரு பாட்டில். அதில் பாதி அளவுக்குச் சாக்கடைத் தொட்டித் தண்ணீர். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே இருப்பவற்றுக்குக் காற்று வேண்டும் என்பது வீட்டில் படுத்திருப்பவளின் உத்தரவு. அதனால் ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் சட்டையில் சிந்தியது. பக்கத்து இருக்கைக்காரர் முன்பே எழுந்துபோய்ப் படியோரம் நின்றுகொண்டார்.

"கியரைக் குறைக்காமலே மிதிக்கறான்," என்றார் பாட்டிலோடு இருந்தவர், யாரிடம் என்று இல்லாமல்.

"நீங்க வேணா வந்து ஓட்டுங்க பெரியவரே," என்றார் கண்டக்டர்.

"ஓட்டினவன்தாம்பா. இதே ரூட்டு."

கண்டக்டரின் முகத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது. அடுத்த மூச்சில் அது போய்விட்டது. "என்ன சார் நாத்தம் இது?"

"உயிருங்க."

"எது?"

"பையில இருக்கு. டிக்கெட் வாங்கணுமா?"

கண்டக்டர் பின்பக்கம் போய்விட்டார்.

ஊரின் கழிவுநீர் எல்லாம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் வந்து சேர்கிறது. அங்கே பெரிய தொட்டி ஒன்றில் அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகி அழுக்கைத் தின்னும். எந்த உயிர் பெருகியிருக்கிறது என்று பார்த்தால் தொட்டியின் உடல்நிலை தெரிந்துவிடும். பார்த்துச் சொல்வது அவர் மனைவியின் வேலை. ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் தலைவி. நிலையத்தில் அத்தனை பேருக்கும் லேபம்மா.

"எல்லாம் ஒரே ஒரு செல்லுதான். உடம்பு எப்படி இருக்கு, எப்படி நகருது? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா என்ன இனம்னு சொல்லிரலாம்," என்பாள்.

நிலையான உருவம் இல்லாமல் வழிந்து வழிந்து நகர்பவை ஓர் இனம். ஒரு சாட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடுபவை இன்னொன்று. உடம்பெல்லாம் மெல்லிய மயிர் முளைத்து, அதையே துடுப்பாகப் போட்டு நீந்துபவை மூன்றாவது. அதிலேயே உட்பிரிவுகள். நீந்துவது, நடப்பது, கடைசியாக மணி என்றொரு வகை.

வேலையை வீட்டுக்குக் கொண்டுவராத பெண் இல்லை அவள். சொந்தபந்தம் முழுவதையும் பிரித்து வைத்திருந்தாள். அவள் தம்பி அமீபா. யார் பக்கத்தில் உட்கார்கிறானோ அவர் வடிவத்துக்கு வந்துவிடுவான். அழுகிறவர் பக்கத்தில் அழுவான், பொய் சொல்கிறவர் பக்கத்தில் தலையாட்டுவான். மகள் சாட்டை இனம். அவள் வருவதற்கு முன்னால் அவள் பேச்சு வந்துவிடும். எதிர்வீட்டுத் தையற்காரர் ஒட்டுண்ணி. அதை அவரிடமே சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் தேநீர் கேட்டார்.

கணவரை மட்டும் அவள் எதிலும் சேர்க்கவில்லை.

"நான் என்ன இனம்?" என்று கல்யாணமான புதிதில் கேட்டார்.

"இன்னும் பாக்கணும்."

மகள் பிறந்த பிறகு கேட்டார். மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு கேட்டார். இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதயம் களைத்து, நுரையீரலில் நீர் சேர்ந்து, அவள் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் தொட்டி செத்துப்போனது. யாரோ சாக்கடையில் எதையோ திறந்துவிட்டிருந்தார்கள். தொட்டி நுரைத்து, வெளுத்து, நாறியது. தொட்டியைக் காலிசெய்து புதிதாகத் தொடங்கலாம் என்றார் பொறியாளர். அவள் கட்டிலில் இருந்தபடியே போனை வாங்கினாள்.

"சாகல சார். கெட்ட நேரம் வந்தா சுத்தி ஒரு உறையக் கட்டிக்கிட்டு உள்ள சுருண்டு கெடக்கும். காத்த மட்டும் நிறுத்தாதீங்க. ஒவ்வொண்ணா வரும். மணி வந்து நின்னா அப்புறம் கவலையே இல்ல."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"வேலைக்குச் சேந்ததுல இருந்து அதுங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கேன். அதை வெச்சு."

பொறியாளர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று மருத்துவர் அவளை வீட்டுக்கு அனுப்பியபோது, ஆய்வுக்கூடமும் வீட்டுக்கு வந்தது. பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலோரம் வைத்தார்கள். தலையைத் தூக்கினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. மகள் போனின் கேமராவைக் கண்ணாடியில் பொருத்திப் படம் எடுத்துக் காட்டினாள். ஒரு வெள்ளை வட்டம் மட்டும் விழுந்திருந்தது.

"நல்லா வந்திருக்கு," என்றாள் அம்மா. "பௌர்ணமியா?"

கடைசியில் பார்க்கும் வேலை ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரிடம் வந்தது.

அவருக்கு இதில் முன் அனுபவம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பார்க்கச் சொன்னாள். நீளமாக, கறுப்பாக, வளைந்த கால்களோடு ஒன்று கடந்துபோவதாகச் சொன்னார். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "அது உங்க இமை முடி," என்றாள். அன்றிலிருந்து நிலையத்தில் இமையைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கெல்லாம் 'டிரைவர் உயிரி பாத்தாச்சு' என்று பெயர்.

இப்போது அவர் பார்த்துச் சொல்வார், அவள் படுத்தபடி கேட்பாள். கண்களை மூடிக்கொள்வாள்.

முதலில் வந்தவை வழிபவை. "மேஜையில எண்ணெய் கொட்டினா எப்படிப் போகும், அப்படிப் போகுது. தூசி குறுக்க வந்தா அதைச் சுத்தி வளைச்சு முழுங்கிருது."

"நம்ம தம்பி வந்துட்டான்," என்றாள்.

பிறகு சாட்டைகள். அதற்குப் பிறகு ஒருநாள், "ஒண்ணு பயங்கர வேகம். நேரா வந்து இடிச்சுது. ரிவர்ஸ் எடுத்துது. கொஞ்சம் ஸ்டியரிங்க ஒடிச்சுது. மறுபடி ஃபர்ஸ்ட் போட்டு வந்து மறுபடி இடிச்சுது," என்றார்.

"உள்ள ஏதாவது துடிக்குதா?"

"ஆமா. வட்டமா ஒண்ணு. ரொம்புது, காணாமப் போகுது, ரொம்புது."

"உள்ள வந்த தண்ணிய வெளிய எறைக்குது." தன் வீங்கிய பாதங்களைக் காட்டினாள். "அந்த வசதி எனக்கு இல்ல பாருங்க. மாத்திரை திங்க வேண்டியிருக்கு."

நீந்துபவை வந்துவிட்டன. சில நாட்கள் கழித்து நடப்பவையும் வந்தன. "காலை வெச்சுக் குப்பைமேல நடக்குது. ஒவ்வொண்ணாத் தடவிப் பாக்குது. டிக்கெட் செக்கர் மாதிரியே இருக்கு," என்றார். அன்றைக்கு அவள் சிரித்து, இருமி, மகள் ஓடி வந்து இருவரையும் திட்டினாள்.

"டாக்டர் ரூமைச் சுத்தமா வெச்சுக்கச் சொல்றாரு. நீங்க சாக்கடைய மேஜைமேல வெச்சு வெளையாடறீங்க."

"சாட்டை வந்துருச்சு," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

மணி மட்டும் வரவில்லை.

"அது எப்படி அசையும்?" என்று அவர் கேட்டார்.

"அதைச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நாளைக்கே பாத்துட்டேன்னு நிப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? நான் நல்லாருக்கேன்னு டாக்டர் சொன்னதா தினம் ஒரு கதை சொல்றீங்கல்ல, அதுமாதிரி."

அவர் நிலையத்தில் விசாரித்தார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் எப்போதும் விசிலடித்துக்கொண்டிருப்பான். அவன் பெயரே விசில். அவன் காதைப் பொத்திக்கொண்டான். "லேபம்மா போன் பண்ணி எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க சார். உங்ககிட்ட வாயத் திறந்தா நான் தொலைஞ்சேன்."

அந்த வாரம் அவளுக்கு நீர் மாத்திரையும் கேட்கவில்லை. ஒரு வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துப் பேசினாள். அவர் பொறுக்க முடியாமல் ஒருநாள் கண்ணாடியில் கண்ணை வைத்து, "வந்துருச்சு," என்றார்.

"என்னது?"

"மணி. அழகா ஆடுது. இப்படியும் அப்படியும்."

அவள் கண்களைத் திறந்தாள்.

"சத்தம் கேட்டுச்சா?" என்றாள்.

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதெல்லாம் போன வாரம். இன்றைக்குக் காலையில் பாட்டிலை நிரப்பும்போது விசில் விசிலடிக்கவில்லை.

"திங்கக்கிழமை பம்ப் வெச்சு எறைக்கச் சொல்லிட்டாரு இன்ஜினியர். இதுக்கு மேல காத்திருக்க முடியாதாம். லேபம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க."

"சொல்லல."

"எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

வீட்டில் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் பேச்சு முன்னால் வரவில்லை. அதிலேயே அவருக்குக் கொஞ்சம் தெரிந்துவிட்டது.

"டாக்டர் வந்துட்டுப் போனாரு. சாயங்காலம் தாங்கறதே பெருசுன்னாரு. மாமாவ வரச் சொல்லிட்டேன்."

"முழிச்சிருக்காளா?"

"உங்களைத்தான் கேட்டுட்டிருக்காங்க. உங்களை இல்ல, பாட்டில."

அவர் சட்டையை மாற்றவில்லை. நேரே அறைக்குப் போனார். அவள் தலையணைகளில் சாய்ந்திருந்தாள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. கண்கள் மட்டும் வேலைக்குக் கிளம்புகிறவளின் கண்கள்.

"பஸ் லேட்டா?"

"ஓட்டத் தெரியாதவன் ஓட்டறான்."

"சிந்திடுச்சா?"

"பாதி சட்டை குடிச்சிருச்சு. மீதி இருக்கு."

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டார். மேலே மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்த்து, காற்றுக்குமிழ் அகப்படாமல் படுக்க வைத்தார். முதல் வாரத்தில் இதற்கே அரை டப்பா கண்ணாடியை உடைத்திருந்தார். இப்போது விரல்கள் பழகிவிட்டன. ஜன்னல் வெளிச்சம் விழும்படி அடியிலுள்ள கண்ணாடியைத் திருப்பினார். மகள் அவர் முழங்கை அருகே தேநீர் டம்ளரை வைக்க வந்தாள், கையிலேயே வாங்கிக்கொண்டார்.

முதலில் இமை. கண்ணைச் சிமிட்டினார். பிறகு வெளிச்சம்.

"என்ன இருக்கு?" என்றாள்.

"செக்கர் ரெண்டு பேரு. ரிவர்ஸ்காரன் ஒருத்தன். ஓரமாப் போறான்."

"அப்புறம்?"

சில்லை நகர்த்தினார். பழுப்புக் குப்பைத் திட்டு ஒன்று வந்தது. அதன் விளிம்பில் என்னவோ முளைத்திருந்தது.

"இன்னிக்கு சாம்பிள் சரியில்ல," என்றார். "செடி மாதிரி ஏதோ மாட்டியிருக்கு. கொத்தாப் பூ வெச்சிருக்கு. ஒண்ணும் நகரல. ஸ்டாண்டுல போட்ட வண்டி மாதிரி நிக்குது."

கட்டிலில் தலையணை நகரும் சத்தம் கேட்டது.

சூடு தாங்காமல் டம்ளரை மேஜையில் வைத்தார். கண்ணை எடுக்கவில்லை.

"ஏ," என்றார்.

"என்ன?"

"டம்ளர வெச்சேன். அத்தனையும் வெடுக்குன்னு உள்ள இழுத்துக்கிச்சு. ஒண்ணா. சீட்டுக்கு அடியில ஸ்பிரிங் இருக்குமே, அதுமாதிரி காம்பு சுருண்டு, பூ மூடி, குப்பையோட ஒட்டிக்கிச்சு."

"இப்ப?"

"ஒண்ணையும் காணோம். குப்பைதான் இருக்கு."

"கண்ண எடுக்காதீங்க."

"எடுக்கல."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். மகள் யாரிடமோ மெதுவாகப் பேசினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இரு. ஒண்ணு வருது. மெதுவா. காம்பு நேராகுது. மேல வாய் தெறக்குது. இன்னொண்ணும் வருது. வாயச் சுத்தி என்னமோ ஃபேன் ஓடற மாதிரி ஓடுது. பக்கத்துல இருக்கற தூசியெல்லாம் சுழிச்சு அது வாய்க்குள்ள போகுது. போயிட்டே இருக்கு."

"டம்ளரைத் தூக்கித் திரும்ப வைங்க."

வைத்தார். "இழுத்துக்கிச்சு."

"இப்ப?"

"விரியுது."

அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது, தண்ணீருக்குள் ஊதுகிற மாதிரி.

"ஆடுதா?" என்றாள்.

"எது?"

"மணி. ஆடுதான்னு கேட்டேன்."

அப்போதுதான் அவர் கண்ணை எடுத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராத சிரிப்பு. தோள் குலுங்கியது.

"இதுவா?"

"அதுதான்."

"இது பூ மாதிரி இருக்கு. இதுக்குப் போயி மணின்னு பேர் வெச்சா எவனுக்குத் தெரியும்?"

"கவுத்துப் பாத்தா மணி. போன வாரம் நீங்க ஆடவிட்டீங்கள்ல," என்று நிறுத்தி மூச்சை இழுத்தாள், "அன்னிக்கே சொல்லியிருப்பேன். பாவமா இருந்துச்சு."

அறை வாசலில் அவள் தம்பி நின்றிருந்தான். வரும் வழியெல்லாம் அழுதிருந்தான். அக்கா சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரிக்கத் தொடங்கினான். கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருந்தது.

"என்ன மாமா?"

"வந்துருச்சுடா."

"என்ன வந்துருச்சு?"

"தெரியாமலே சிரிக்கறியா?"

"அக்கா சிரிக்குது, அதான்."

மகள் போனில் நிலையத்தைக் கூப்பிட்டு அம்மாவின் காதில் வைத்தாள். விசில் எடுத்தான்.

"மணி வந்திருக்கு," என்றாள். "கொத்தா. இன்ஜினியர்கிட்டச் சொல்லு. பம்ப் எல்லாம் வேண்டாம்னு சொல்லு."

மறுமுனையில் காற்று ஊதும் இரைச்சல் கேட்டது.

"பம்ப் விஷயம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ இன்னிக்கு விசிலடிக்கலன்னு உன் குரல்லயே தெரியுது. வந்து பாரு. இன்னிக்கே வந்து பாரு."

போனை எடுத்த பிறகு அவள் கொஞ்சம் பால் கேட்டாள். நான்கு நாட்களாகக் குடிக்க எதையும் கேட்காதவள். மகள் கரண்டியில் ஊட்டினாள். இரண்டு கரண்டி போயிற்று. தம்பி கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டான். ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"சரி," என்றார் அவர். "பாத்தாச்சு. இப்பவாவது சொல்லு. நான் என்ன இனம்?"

"இன்னுமா தெரியல?"

"தெரியல."

"மணி எப்படி அசையும்னு நான் ஏன் சொல்லல? சொன்னா நீங்க என்ன இனம்னும் தெரிஞ்சிருமே. எல்லாம் ஊர் சுத்தும். இது ஒண்ணுதான் ஒரு எடத்துல ஒட்டிக்கிட்டு அங்கயே நிக்கும்."

அவருக்கு உண்மையிலேயே ரோஷம் வந்தது. "நானா? ஆயுசு பூரா வண்டி ஓட்டினவன்டி நான். இந்த ஊர்ல நான் போகாத ரோடு எது?"

"வண்டி ஓடுச்சு," என்றாள். மூச்சுக்காக நிறுத்தினாள். "நீங்க சீட்ல உக்காந்துட்டிருந்தீங்க."

தம்பி கட்டிலின் கட்டையில் தலையை வைத்துச் சிரித்தான். மகள் கரண்டியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அவர் கோபமாக இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

நண்பகலில் அவள் களைத்தாள். மகள் பின்கட்டில் துணி அலசினாள். தம்பி நாற்காலியில் தூங்கிப்போனான். அவர் புதுச் சொட்டு ஒன்று எடுத்து வைத்துப் பார்த்தார். அதிலும் இருந்தது.

"என்ன பண்ணுது?" என்றாள். மிக மெல்லிய குரல்.

"நிக்குது. வாய் தெறந்திருக்கு."

"தனியாவா?"

"பக்கத்துல ஒண்ணு இருக்கு. சின்னது."

"அப்புறம்?"

"தூசியச் சுழிச்சு இழுக்குது. ஒண்ணு இப்பதான் போச்சு. உள்ள உருண்டையா நிக்குது. ரிவர்ஸ்காரன் வந்தான். அதும்மேல இடிச்சான். சுருங்கிருச்சு. அவன் ரிவர்ஸ் எடுக்கறான். போறான். போயிட்டான்."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"விரிய ஆரம்பிச்சிருச்சு," என்றார். "காம்பு நேராகுது. மெதுவாத்தான். வாய் தெறக்குது. ஃபேன் ஓடுது."

கண்ணாடியில் வைத்த கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. மகளின் காலடி அறைக்குள் வந்தது. கட்டிலருகே நின்றது.

"அப்பா," என்றாள்.

"தெரியும்மா," என்றார்.

நாற்காலிகள் வந்தன. தெருக்காரர்கள் வந்தார்கள். தையற்காரர் வாசலில் நின்று, தனக்கு இனி யார் தேநீர் தருவார்கள் என்று கேட்டு அழுதார். தம்பி அழுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து அழுதான். கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்ததும் அவனும் தேர்தலைப் பற்றிப் பேசினான்.

பிற்பகலில் நிலையத்துக்காரர்கள் வேலை உடையோடு வந்தார்கள். அவர்களோடு தொட்டியின் வாசனையும் வந்தது. விசிலுக்கு விஷயம் வாசலில்தான் தெரிந்தது.

"பாக்க வரச் சொன்னாங்க," என்றான். "இன்னிக்கே வான்னாங்க."

"வா. பாரு," என்றார் அவர்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். திரும்பினான். அவர் அவன் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் நகர்த்தினார்.

"அதுக்கு மட்டும் வரச் சொல்லல. இங்க பாரு."

மூடுகண்ணாடியின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஓரத்தில் விட்டார். தண்ணீர் தானாக உள்ளே ஓடியது. விசில் குனிந்து கண்ணை வைத்தான்.

"சார், கறுப்பா நீளமா ஏதோ போகுது."

"உன் இமை."

நிலையத்துக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் நிற்கவில்லை. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெடைச்சுருச்சு," என்றான் விசில். "கொத்தா இருக்கு சார். எவ்வளவு கெட்டியா ஒட்டிக்கிட்டு நிக்குது."

"டிரைவரே கண்டுபிடிச்சாரா?" என்று பொறியாளர் கேட்டார். அவர் வாசலுக்கு அருகே தயங்கி நின்றிருந்தார்.

"டிரைவர் சாம்பிள் சரியில்லன்னாரு," என்றாள் மகள். "அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. படுத்துட்டே."

பொறியாளர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பி, அதிகாரியிடம் பேசுகிற குரலில், "பம்ப்பை வேண்டாம்னுட்டேன் மேடம்," என்றார்.

அதன் பிறகு பார்ப்பதற்கு ஒரு வரிசை சேர்ந்தது. நிலையத்துக்காரர்கள், தெருக்காரர்கள், தேர்தல் பேசியவர்கள். ஒவ்வொருவரும் கட்டிலருகே கொஞ்சம் நின்றார்கள், பிறகு ஜன்னலருகே குனிந்தார்கள். தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, "இதுல நான் எது?" என்று கேட்டார்.

"நீங்க இதுல வர மாட்டீங்க," என்றாள் மகள். "வேற யாரு உடம்புக்குள்ளயாவது இருப்பீங்க."

தையற்காரர் முதலில் சிரித்தார். பிறகு அறை முழுவதும் சிரித்தது. தம்பிக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. எழுந்து நடுவில் நின்றான்.

வண்டி வந்தது. நாற்காலிகளை இழுத்து வழிவிட்டார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். அவர் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாக ஓட்டச் சொன்னார். டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினான். ஒரு திருப்பத்தில்கூடப் பிரேக்கைச் சடாரென்று மிதிக்கவில்லை. இறங்கும்போது அவனிடம், "நல்லா ஓட்டற," என்றார்.

திரும்பி வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டிலில் விரிப்பு இல்லை. மகள் அறையைக் கழுவியிருந்தாள். ஜன்னலோர மேஜையை மட்டும் தொடவில்லை.

"அந்தப் பாட்டில என்ன பண்றது?" என்றாள். "கொட்டிடவா?"

"மூடிய இறுக்கினியா?"

"இல்ல. தொடவே இல்ல."

அவள் சமையலறைக்குப் போனாள். அவர் மேஜை முன் உட்கார்ந்தார். ஒரு சொட்டு வைத்தார். அடியிலுள்ள கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினார். முதலில் இமை. கண்ணைச் சிமிட்டினார். இமை ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

குப்பைத் திட்டு. அதன் விளிம்பில் கொத்து.

வீட்டுக்குள் எங்கோ காற்றில் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மேஜை அதிர்ந்தது. அத்தனையும் வெடுக்கென்று சுருங்கிக் குப்பையோடு ஒட்டிக்கொண்டன.

அவர் கண்ணை எடுக்கவில்லை.

ஒன்று நிமிர்ந்தது. பிறகு, பக்கத்தில், சின்னதாக இன்னொன்று.